கள் போன இடத்தில் வந்த வரி

மதுவும் மாகாணமும் – பகுதி 9

1937 அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை. சேலம் ஜில்லாவில் அன்று ஒரு கள்ளுக்கடையும் திறக்கவில்லை, ஒரு சாராயக்கடையும் திறக்கவில்லை. கஞ்சாவுக்கும் அபினுக்கும் அதே கதிதான். புதிய சட்டம் போதைப்பொருள்களையும் சேர்த்தே தடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு முழு மாவட்டம் சட்டத்தின் பேரில் குடியை நிறுத்தியது அதுவே முதல் தடவை.

போன பகுதியில் 1921-ஐப் பார்த்தோம். ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கடைவாசலில் மறியலுக்கு நின்றதையும், பெரியார் சேலத்தை அடுத்த தாதம்பட்டித் தோப்பில் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததையும் பேசினோம். அப்போது அரசு நடத்திய கடையை அரசுக்கு எதிரானவர்கள் மறித்தார்கள். பதினாறு வருஷம் கழித்து மறித்தவர்களே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இனிக் கோஷம் தேவையில்லை, கையெழுத்துப் போதும். அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை இருந்தது என்பதும், அதைத் தாங்களே கட்ட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யார் தலையில் அந்த விலை விழுந்தது என்பதுதான் இந்தப் பகுதியின் விஷயம்.

அன்றைய சேலம் ஜில்லா மிகப் பெரியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். வடக்கே ஓசூரைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். மேற்கே காவிரிக்கு இக்கரை சேலம், அக்கரை கோயம்புத்தூர் ஜில்லா. நடுவே சேர்வராயன், சித்தேரி, கல்வராயன் என்று மலைகள். காவல் போடுவதற்கு இதைவிட வசதிக்குறைவான இடத்தை யாராலும் பொறுக்கியிருக்க முடியாது. ஆனாலும் ராஜாஜி சேலத்தைத்தான் பொறுக்கினார். மாகாண முதல்வரை அப்போது பிரதமர் என்று சொல்வார்கள். 1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜிக்குச் சேலம் சொந்த மண். பிறந்த தொரப்பள்ளி ஓசூர்ப் பக்கம். வக்கீல் தொழில் பார்த்தது சேலம் நகரத்தில். 1917 முதல் 1919 வரை அந்த ஊர் நகரசபைத் தலைவர். 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கியது திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில்.

அந்த ஆசிரமத்திலிருந்துதான் 1929-இல் 'விமோசனம்' என்ற மாத இதழ் வந்தது. மதுவிலக்கு ஒன்றுக்காகவே ஒரு தமிழ்ப் பத்திரிகை. ஆசிரியர் ராஜாஜி, உதவிக்கு இருந்தவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. பத்து இதழோடு நின்றுபோனது. 1931-இல் ராஜாஜி ஆங்கிலத்தில் மதுவிலக்குக் கையேடு ஒன்றையும் எழுதினார். ஆக, 1937-இல் அவர் கொண்டுவந்த சட்டம் பதவிக்கு வந்த பிறகு தோன்றிய யோசனை இல்லை. அதே ஜூலையில் காந்தியும் 'ஹரிஜன்' பத்திரிகையில் எழுதிவிட்டார்: காங்கிரஸ் ஆளும் மாகாணங்கள் மூன்று வருஷத்துக்குள் குடியை ஒழிக்க வேண்டும் என்று. காரியக் கமிட்டியும் அதை ஏற்றது. கெடு வைத்தாகிவிட்டது. பணத்துக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

பணம் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ள, கள்ளும் சாராயமும் அரசாங்கத்துக்கு எப்படிக் காசு கொடுத்தன என்று பார்க்க வேண்டும். 1886-ஆம் வருஷத்து ஆப்காரி (மதுத் தீர்வை) சட்டத்துக்குப் பிறகு ஏற்பாடு ஏறக்குறைய இப்படி இருந்தது. கள் இறக்குவதற்கு ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி கட்ட வேண்டும். வரி கட்டிய மரத்துக்கு எண் போட்டுவிட்டுப் போவார்கள். கடை நடத்தும் உரிமையை ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் மாதாமாதம் கிஸ்தி கட்டுவார். சாராயம் பெரிய ஆலைகளிலிருந்து வரும். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி வடித்த சாராயம் பல ஜில்லாக்களுக்குப் போனது. ஆலையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு காலனுக்கும் தீர்வை. மரத்தில் ஒரு காசு, கடையில் ஒரு காசு, ஆலையில் ஒரு காசு. நிலவரிக்கு அடுத்தபடி மாகாணத்தின் பெரிய வருமானம் இதுதான். சில வருஷங்களில் நிலவரிக்கு வெகு அருகில் வந்து நின்றதும் உண்டு.

1920-க்குப் பிந்தைய இரட்டையாட்சியில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. கல்வி, சுகாதாரம் போன்ற துறைகள் இந்திய மந்திரிகளிடம் வந்தன. ஆப்காரியும் அவர்களிடமே வந்தது. பள்ளிக்கூடம் கட்ட நினைக்கும் மந்திரிக்குக் கையில் இருந்த பெரிய வருமானம் சாராயத் தீர்வை. பிள்ளைகள் படிப்பதற்குத் தகப்பன் குடிக்க வேண்டும் என்கிற இந்த ஏற்பாட்டைக் காந்தி அவமானம் என்று பல தடவை எழுதினார். ஆங்கிலேயருக்கு இது தெரியாமல் நடந்த விபத்து என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதற்கு ஆதாரம் காட்டும் இடம் இதுவல்ல.

சட்டம் அமலுக்கு வந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அமல்படுத்தும் வேலை போலீஸிடம் கொடுக்கப்பட்டது. கலெக்டர் டிக்ஸன் என்ற ஆங்கிலேயர். வெள்ளைக்கார அதிகாரிகள் இதைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று காங்கிரஸ்காரர்கள் பயந்ததற்கு மாறாக, அவர் இதில் மனப்பூர்வமாக இறங்கினார். நல்ல பலன் தெரிகிறது என்று மேலிடத்துக்கு அறிக்கையும் எழுதினார். கிராமங்களில் கமிட்டிகள் அமைத்தார்கள். சாயங்காலம் கடைக்குப் போய்ப் பழகிய கால்களுக்கு வேறு இடம் காட்ட வேண்டுமே என்று பஜனை, கூத்து, விளையாட்டு என்று ஏற்பாடு செய்தார்கள். டீக்கடைகள் பெருகின.

ஏற்காட்டுக் காபித் தோட்டத் துரைமார்களுக்கு இதெல்லாம் பொருந்தவில்லை. ஐரோப்பியர்கள் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு குடிக்கலாம் என்று சட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள். மலைமேல் விஸ்கி பாட்டில், மலையடிவாரத்தில் கள் குடித்தவனுக்குக் கைவிலங்கு. எதிர்க்கட்சிக்காரர்கள் இதைச் சொல்லிக் காட்டாமல் விடுவார்களா?

நிஜமான சிக்கல் பனைமரத்தின் உச்சியில் இருந்தது. பனையிலிருந்து சொட்டும் சாறு சொட்டும்போதே கள் ஆவதில்லை. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்யத் தொடங்கிச் சில மணி நேரத்தில் அது புளித்துக் கள்ளாகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைத்தால் நொதிப்பு நின்று, அதே சாறு பதநீராக இறங்குகிறது. பதநீர் குடிக்கலாம், காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கலாம், சட்டத்தில் தடை இல்லை. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே அருவாள். தொழிலாளிக்கும் குற்றவாளிக்கும் நடுவே இருந்தது கலயத்துக்குள் ஒரு பூச்சுச் சுண்ணாம்பு. போலீஸ்காரர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அது தெரியாது. இறக்கி மோந்து பார்க்க வேண்டும். மரத்துக்கு மரம் யார் மோந்து பார்ப்பது? பதநீர் இறக்க உரிமம் வாங்கியவர், சுண்ணாம்பைக் கொஞ்சம் குறைத்துத் தடவினால் மத்தியானத்துக்குள் சரக்கு தயார். மாமூல் வாங்குபவருக்கு இது ஒரு பெரிய கதவு.

மரமேறிகளின் கதை அந்த நாள் பேச்சுகளில் அதிகம் வருவதில்லை. குடிகாரனின் மனைவிக்காக மேடையில் கண்ணீர் விட்டவர்கள், முப்பது மரம் ஏறி இறங்கும் ஆளின் அடுப்பைப் பற்றிப் பேசவில்லை. அரசாங்கம் அவர்களுக்கு வெல்லம் காய்ச்சும் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக் கொடுத்தது. யோசனை நல்லதுதான். ஆனால் கள்ளுக்குக் காலையில் இறக்கினால் மாலையில் காசு. வெல்லத்துக்கு விறகு வேண்டும், காய்ச்ச ஆள் வேண்டும், பிறகு சந்தை விலைக்குக் காத்திருக்க வேண்டும். கருப்பட்டி காய்ச்சும் வேலை வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தது. குடிகாரன் வீட்டுப் பெண்ணுக்கு நிம்மதி கொடுத்த சட்டம், மரமேறி வீட்டுப் பெண்ணுக்கு அடுப்பு வேலையைக் கூட்டியது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சேலத்துக் கணக்கு முழுசாகும்.

சாராயம் வேறு பாதையில் போனது. வெல்லமும் வெள்வேலம்பட்டையும் ஓடைத் தண்ணீரும் இருந்தால் மலைக்குள் எங்கேயும் ஊறல் போடலாம். மண்பானை, ஒரு குழாய், கொஞ்சம் விறகு. ஏலக்கடை இருந்த காலத்திலும் இது நடந்தது. தீர்வை கட்டாத சாராயம் எப்போதுமே விலை குறைவு. கடை மூடிய பிறகு அதற்குப் போட்டியே இல்லாமல் போய்விட்டது. கல்வராயன் மலையில் அன்று தொடங்கியதாகச் சொல்ல முடியாது. ஆனால் கள்ளச்சாராயத்துக்கென்று அந்த மலைக்கு இருக்கும் பெயர் இந்தக் காலத்தில் நிலைத்துப் போனது.

இங்கே ஒரு கிளைக்கதை. பட்டைச் சாராயம் உடம்பைக் கெடுக்கும், ஈரலை அரிக்கும், குடும்பத்தை அழிக்கும். ஆனால் ஒரே நாளில் ஒரு தெருவையே பிணமாக்குவது பெரும்பாலும் அதன் வேலையில்லை. அது மெத்தனாலின் வேலை. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் இந்த எரிசாராயம் பார்வைக்கும் வாசனைக்கும் குடிக்கும் சாராயம் மாதிரியே இருக்கும். உடம்புக்குள் போன பிறகு ஈரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது, ரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. அதனால்தான் முதலில் கண் மங்குகிறது என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் பலருக்கு நேரம் கடந்துவிடும். 2024 ஜூனில் கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் பகுதியில், அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது இப்படித்தான். அது மலையில் காய்ச்சியது இல்லை, மெத்தனால் கலந்தது. 1930-களின் கள்ளச்சாராயத்தையும் இன்றைய விஷச்சாராயத்தையும் ஒரே பெயரில் பேசும் வழக்கம் நமக்கு இருக்கிறது. இரண்டும் வேறு வேறு குற்றங்கள்.

சேலத்துக்குத் திரும்புவோம். முதல் வருஷம் முடிந்ததும் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வு நடத்தியது. துறைக்குத் தலைமை பி. ஜே. தாமஸ். குடித்துக்கொண்டிருந்த குடும்பங்களில் அந்தக் காசு இப்போது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் போகிறது, கொஞ்சம் கடன் அடைகிறது, டீ காபிக்கும் போகிறது என்று பதில் வந்தது. இந்த ஆய்வை முழுசாக நம்புவதா என்று கேட்டால், பாதி நம்பலாம் என்பேன். போலீஸ்காரர்களுக்குப் புது உற்சாகம், கிராமக் கமிட்டிகளுக்கும் அப்படியே. எந்தச் சட்டமும் முதல் வருஷத்தில் அழகாகத்தான் இருக்கும். தவிர, வந்து கேட்பவர் படித்தவர், காங்கிரஸ் ஆட்சி நடக்கிறது, 'இப்போதும் குடிக்கிறாயா' என்றால் யார் ஆமாம் என்பார்கள்? ஆனாலும் சாப்பாட்டுச் செலவும் துணிச் செலவும் ஏறியது பொய்யாக இருக்க முடியாது. கூலிக்காரனின் கையில் இருந்து கடைக்காரர் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பணம் சிறிய தொகை அல்ல.

அந்த ஆய்வு கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பத்து இருபது வருஷமாகத் தினம் குடித்துவந்த ஒருவனுக்கு அக்டோபர் 1-ஆம் தேதிக்குப் பிறகு உடம்பு என்ன ஆயிற்று? தீராக் குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், புத்தி தடுமாறும். மருத்துவம் பார்க்காவிட்டால் உயிரே போகலாம். கள் மட்டும் குடித்தவருக்கு ஆபத்துக் குறைவு. சாராயத்திலேயே கிடந்தவருக்கு அதிகம். சேலத்தில் பஜனைக்கு ஏற்பாடு இருந்தது. இதற்கு ஏற்பாடு இருந்ததற்கான தடயம் எதையும் நான் படித்த அறிக்கைகளில் பார்க்கவில்லை. அந்தத் தலைமுறை குடியைக் கெட்ட பழக்கமாகப் பார்த்தது, பாவமாகப் பார்த்தது, நோயாகப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் குடிநோயாளிகளே ஒருவரை ஒருவர் தூக்கிவிடும் சங்கம் 1935-இல்தான் முளைத்திருந்தது. குடிநோய்க்கென்றே சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு மையத்தைச் சாந்தி ரங்கநாதன் தொடங்கியது 1980-இல். இந்த இடைவெளி இன்னும் முழுசாக அடைபடவில்லை. எய்ம்ஸ் நிபுணர்கள் நாடு முழுவதும் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி 10 முதல் 75 வயதுக்குள் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடி ஒரு பிரச்சினையாகி, உதவி தேவைப்படும் நிலை. அவர்களுக்குக் கடை எங்கே என்று தெரியும். சிகிச்சை எங்கே என்று தெரியாது.

1938 அக்டோபரில் சித்தூரும் கடப்பையும் சேர்ந்தன. அடுத்த அக்டோபரில் வடஆற்காடு. ஒவ்வொரு ஜில்லா சேரும்போதும் பட்ஜெட்டில் ஓட்டை பெரிதானது. ராஜாஜியிடமே நிதி இலாகாவும் இருந்தது. கடையை மூடியவரே பணமும் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? வருமான வரி மத்திய அரசுடையது. சுங்கமும் அப்படியே. நிலவரியை ஏற்றினால் காங்கிரஸுக்கு ஓட்டுப் போட்ட குடியானவர்கள் திரும்பிக்கொள்வார்கள். விலைவாசி விழுந்த மந்தகாலத்திலிருந்து அவர்கள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. பம்பாய் மாகாணமும் இதே சங்கடத்தில் இருந்தது. அவர்கள் நகரத்துக் கட்டடங்கள் மேல் வரி போட்டார்கள்; பம்பாயில் கட்டடம் உண்டு, வாடகை உண்டு. சென்னை மாகாணத்தில் அப்படிப் பிழிய அவ்வளவு பெரிய நகரமில்லை. ராஜாஜி 1935-ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்தை எடுத்துப் பார்த்தார். மாகாணங்களுக்குரிய அதிகாரப் பட்டியலில், 48-ஆம் இலக்கத்தில், அதுவரை எந்த மாகாணமும் முழுசாகப் பயன்படுத்தாத ஒரு வரி கிடந்தது: சரக்கு விற்பனை மேல் வரி. மத்திய மாகாணம் 1938-இல் பெட்ரோலுக்கும் மசகெண்ணெய்க்கும் மட்டும் அதைத் தொட்டுப் பார்த்திருந்தது. எல்லாச் சரக்குக்கும் பொதுவாகப் போட யாரும் துணியவில்லை.

1939-இல் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. வருஷ வியாபாரம் பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை. இருபதாயிரம் வரை மாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேலே நூற்றுக்கு அரை ரூபாய். கைத்தறித் துணிக்கும் பருத்திக்கும் நூலுக்கும் சலுகை. வரியின் அளவைப் பார்த்தால் இன்றைக்குச் சிரிப்பு வரும். வியாபாரிகளுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கடையடைப்பு, கண்டனக் கூட்டம், தந்தி மேல் தந்தி. அவர்கள் பயந்தது தொகைக்கு அல்ல, கணக்குப் புத்தகத்துக்கு. இனி ஒவ்வொரு மளிகைக்கடையும் எவ்வளவு விற்றது என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்னதைச் சரிபார்க்க அதிகாரி வருவார். ஏலம் எடுத்த கள்ளுக்கடைக்காரர் ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கஜானாவின் கண் இப்போது எல்லாக் கல்லாப்பெட்டியையும் பார்த்தது.

இந்த வரிக்குப் பின்னால் இருந்த தர்க்கம் கெட்டிக்காரத்தனமானது. கள்ளுக்கடையில் ஒரு கூலிக்காரன் செலவழித்த பணத்தில் ஒரு பங்குதான் அரசாங்கத்துக்குப் போனது. மீதி குத்தகைதாரருக்கும் ஆலைக்கும் மற்றவர்களுக்கும். கடையை மூடினால் அரசு இழப்பதைவிடப் பல மடங்கு மக்கள் கையில் மிஞ்சும். மிஞ்சிய காசு அரிசிக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் போகும். அங்கே அரை சதவிகிதக் கை காத்திருக்கும். குடியில் போனது துணியில் திரும்பி வரும். காகிதத்தில் இது அழகான சுற்று. ஆனால் கூலிக்காரன் மிச்சம் பிடித்ததை மட்டும் தேடிப் பிடிக்க அந்த வரிக்குத் தெரியாது. வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத விதவையும் மிளகாய் வாங்கும்போது அதைக் கட்டினாள். குடிகாரன் கொடுத்துவந்த பணத்தைக் குடிக்காதவர்களும் சேர்ந்து கொடுப்பதுதான் மதுவிலக்கு என்றாயிற்று. அதில் தவறில்லை என்றே எனக்குப் படுகிறது. ஒரு சமூகம் ஒரு நன்மையை விரும்பினால் அதற்கு எல்லோரும் காசு கொடுப்பது நியாயம். ஆனால் பேரம் இருவழி. மதுவிலக்கு போனால் வரியும் போக வேண்டும்.

அமெரிக்காவில் இதே கதை முன்பின்னாக நடந்தது. அங்கே மத்திய அரசின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மதுவரிதான் ஆதாரமாக இருந்த காலம் உண்டு. 1913-இல் வருமான வரிக்கு அரசியல் சட்ட அனுமதி கிடைத்த பிறகே 1920-இல் மதுவை அவர்களால் துறக்க முடிந்தது. மாற்று வரி முதலில், விலக்கு பிறகு. பொருளாதார வீழ்ச்சியில் வருமான வரி வற்றியதும் 1933-இல் மதுவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். சென்னைச் சட்டசபையில் இருந்த எல்லோருக்கும் இது ஐந்தாறு வருஷத்துப் பழைய செய்தி.

வரி 1939 அக்டோபர் 1-இல் அமலானது. அதே நாளில்தான் வடஆற்காட்டில் கடைகள் மூடின. அதே மாதக் கடைசியில், இந்தியாவைக் கேட்காமல் யுத்தத்தில் இறக்கியதைக் கண்டித்து, ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. வரி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெற்றவர் போய்விட்டார். ஆட்சி கவர்னரிடமும் அவருடைய ஆலோசகர்களிடமும் போனது. காங்கிரஸ் இல்லை, கெடு இல்லை, மதுவிலக்கைத் தூக்கிப்பிடிக்க ஆளும் இல்லை.

வரியை வழக்கு மன்றத்தில் வீழ்த்தப் பார்த்தார்கள். போட்டு பைதன்னா என்ற நிலக்கடலை எண்ணெய் வியாபாரிகள் தொடுத்த வழக்கு டெல்லி ஃபெடரல் கோர்ட் வரை போனது. எண்ணெயை ஆட்டுபவரே முதலில் விற்கும்போது அதன் மேல் போடும் வரி, உற்பத்தி மேல் போடும் வரிதான். அது மத்திய அரசின் அதிகாரம், மாகாணத்துக்கு உரிமையில்லை என்பது வாதம். 1942-இல் கோர்ட் மாகாணத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது: சரக்கு செய்வது வேறு, விற்பது வேறு, விற்றால்தான் இந்த வரி. வருமானத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த மற்ற மாகாணங்கள் இதைக் கவனித்துக்கொண்டிருந்தன. வங்காளமும் பஞ்சாபும் 1941-லேயே இறங்கிவிட்டன. பீகார் 1944-இல், பம்பாய் 1946-இல். மதுவிலக்கே போடாத மாகாணங்களும் மதுவிலக்குக்காகக் கண்டுபிடித்த வரியைப் போட்டன.

1943-இல் ஆலோசகர் அரசு மதுவிலக்கைச் சட்டம் போட்டு நிறுத்திவைத்தது. கள்ளச்சாராயத்தை அடக்க முடியவில்லை என்பது வெளியே சொன்ன காரணங்களில் ஒன்று. யுத்தச் செலவுக்கு மத்தியில் ஆப்காரிப் பணம் கண்ணை உறுத்தியது என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளலாம். சேலத்தில் கடைகள் திரும்பத் திறந்தன. மரங்களுக்குத் திரும்ப எண் விழுந்தது. ஆறு வருஷம் குடிக்காமல் இருந்தவர்களில் எத்தனை பேர் கடைக்குத் திரும்பினார்கள் என்று எண்ணிப் பார்க்க இந்தத் தடவை பல்கலைக்கழகம் போகவில்லை.

விற்பனை வரி என்ன ஆயிற்று? அது அப்படியே இருந்தது. எந்த ஓட்டையை அடைக்க வந்ததோ அந்த ஓட்டை அடைந்துவிட்டது. அடைப்பானை யாரும் பிடுங்கவில்லை. பதவியில் இருந்த ஆங்கிலேயர்கள் அதைக் கைவிடவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. பின்னால் வந்த நம்மவர்களும் கைவிடவில்லை. 1971 ஆகஸ்டில் கலைஞர் ஆட்சியில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டபோது பெரிய விவாதம் நடந்தது. அந்த வாதங்களை வரும் பகுதிகளில் பார்க்கப் போகிறோம். அன்று விற்பனை வரி போகவில்லை. அது 1959-இல் புதுச் சட்டமாகித் தடித்திருந்தது, 2007-இல் மதிப்புக்கூட்டு வரி என்று பெயர் மாறியது, 2017-இல் பெரும்பகுதி ஜிஎஸ்டிக்குள் கரைந்தது.

பெரும்பகுதிதான், முழுசும் இல்லை. குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. மாநிலம் அதன் மேல் பழையபடி மதிப்புக்கூட்டு வரியை, அதாவது ராஜாஜியின் விற்பனை வரியின் பேரப்பிள்ளையை, வசூலிக்கிறது. 2023-24-இல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். அதில் ஆப்காரியின் வாரிசான ஆயத்தீர்வை 10,774 கோடி. மீதி 35,081 கோடியும் மதிப்புக்கூட்டு வரி. மதுவை விட்டுவிடுவதற்காகப் போட்ட வரி, இன்று மதுவிலிருந்து மதுத் தீர்வையைவிட மூன்று மடங்குக்கு மேல் கறக்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. வருமானம் வேண்டும் என்றபோதெல்லாம் கைக்கு எட்டியதை எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் 'மதுவிலக்கு வந்தால் பணத்துக்கு எங்கே போவது' என்று இப்போது யார் கேட்டாலும், 1939-இலேயே ஒரு பதில் சொல்லப்பட்டு, அந்தப் பதிலும் மதுவுக்கே செலவாகிவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1946-இல் காங்கிரஸ் ஆட்சிக்குத் திரும்பியதும் மதுவிலக்கும் திரும்பியது; இம்முறை முதல் கட்டத்திலேயே எட்டு ஜில்லா. 1948 அக்டோபர் 2, காந்தி மறைந்த பிறகு வந்த முதல் பிறந்தநாளன்று, மாகாணம் முழுவதும் கடைகள் மூடின. அப்போது பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். ராஜாஜி டெல்லியில் கவர்னர் ஜெனரல். சேலத்தில் ஒரு கலெக்டரும் சில கமிட்டிகளும் பார்த்துக்கொண்ட வேலையை இனி கஞ்சாம் எல்லையிலிருந்து தென்கோடி வரை எல்லா ஜில்லாப் போலீஸும் செய்தாக வேண்டும். சென்னை நகரத்தில் பனைமரம் குறைவு, மலை இல்லை, ஊறல் போட ஓடை இல்லை. அங்கே குடித்தவர்கள் பெயிண்ட் கடைக்குப் போனார்கள். அடுத்த பகுதி வார்னிஷைப் பற்றியது.